ஷட்டில் என்னும் சொல்

நெசவாளர் நாடா என்றும் ஓடம் என்றும் வழங்கும் கருவிக்கு ஆங்கிலத்தில் ஷட்டில் என்று பெயர். பாவிழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடுங்கால், ஊடை நூலைத் தாங்கிக் குறுக்கே ஓடுவது இதுவே என்பதை நம் அங்கத்தினர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இச்சொல் நம் ஊர்களில் தறிக்கூடத்திற்கு அப்பாலும் ஒலிப்பதால், அதன் வரலாற்றைச் சிறிது காண்போம்.

பழைய ஆங்கிலத்தில் இதன் முன்வடிவம் எறியும் ஈட்டியையும் அம்பையும் குறித்தது. எய்தலைக் குறிக்கும் ஷூட் என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரிற் பிறந்தவை. தாழ்ப்பாளைச் செலுத்திக் கதவடைத்தலைக் குறிக்கும் ஷட் என்பதும் அவ்வேரினதே; அதிலிருந்து வந்ததே ஷட்டர். எனவே, வாய்க்கால் தலைப்பில் உழவர் ஏற்றி இறக்கும் ஷட்டரும் நெசவாளரின் ஷட்டிலும் பங்காளிகள் எனலாம்!

பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இக்கருவியைச் சிறு படகு என்ற பொருள்படவே அழைக்கின்றனர். நம் ஓடமும் அவ்வாறே. ஆங்கிலேயர் அதன் விரைவைக் கண்டனர். நம்மவர் வடிவத்தைக் கண்டனர். இருமுனையும் கூராய், நடுவே தார் வைக்கக் குடைந்த மரத்துண்டிற்கு நம் பெயரே பொருத்தம் என்பது நமது கருத்து.

முன்னர் அகன்ற துணி நெய்ய இருவர் வேண்டும். ஒருவர் எறிய மற்றவர் பிடிப்பார். இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்த ஜான் கே என்பார் 1733-இல் பறக்கும் நாடாவிற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும், ஒருவரே நெய்யலாம். துணி முதலாளிகள் அதை உபயோகித்தனர். உரிமைத் தொகையையோ கொடுத்திலர். அவர் தொடுத்த வழக்குகளின் செலவைப் பகிர்ந்துகொள்ள 'ஷட்டில் கிளப்' என்றொரு சங்கமும் அமைத்தனர். கூடிச் செய்வன யாவும் கூட்டுறவு ஆகா என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாம் கண்டதில்லை. நொந்த கே 1747-இல் பிரான்சு சென்றார்.

ஆலைகள் பெருகிய பின், தொழிலாளர் நூல்முனையை நாடாவின் கண் வழியே வாயால் உறிஞ்சி இழுத்தனர். இதற்கு 'ஷட்டிலை முத்தமிடல்' என்று பெயர். ஒரே நாடாவில் பலர் வாய் வைத்தமையால் காசநோய் முதலியன பரவும் என்னும் அச்சம் எழுந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-இல் இதைச் சட்டத்தால் தடுத்தது. நம் தறிகளில் இவ்வழக்கம் எங்கேனும் இருப்பின் இன்றே விடத்தக்கது. முனை வளைந்த சிறு கம்பி ஒன்று போதும்.

இங்குமங்கும் ஓடும் இயல்பினால் இப்பெயர் பிறவற்றிற்கும் பரவியது. தையல் இயந்திரத்தின் அடிநூலை ஏந்துவதும், மட்டையால் மாறிமாறி அடிக்கப்படும் இறகுப் பந்தும், ஈரூர்களிடையே திரும்பத் திரும்ப ஓடும் வண்டியும் ஷட்டிலாயின. 1981 முதல் 2011 வரை விண்வெளிக்குச் சென்று மீண்ட அமெரிக்க விண்ணோடத்திற்கும் அதே பெயர்தான். இதற்கிடையில் பெரிய ஆலைகளிலோ நாடாவே இல்லாத தறிகள் வந்துவிட்டன. காற்றே ஊடையைக் கொண்டு செல்கிறது.

நம் சங்கங்களுக்கு ஒரு சொல். நாடா என்பது கட்டும் நாடாவையும் விளக்குத் திரியையும் கூடக் குறிக்கும். இருப்புப் பதிவேட்டில் 'நாடா 12' என்று மட்டும் கண்டால், தணிக்கைக்கு வருபவர் எதை எண்ணுவார்? ஆதலின் 'தறிநாடா' என்றெழுதி, மரத்தின் வகையையும் நீளத்தையும் அருகே குறித்து வைத்தல் வேண்டும்.