பழுப்பேறும் தாள்களில் பஞ்சசீலமும் சிம்லாவும்

புது தில்லி: நாட்டின் வெளியுறவுக் கொள்கையில் திருப்புமுனையாக அமைந்த அறிவிப்புகளை மக்களுக்கு முதலில் தெரிவித்த நாளிதழ்களைத் தேடிச் சேகரிப்பவர்கள், காலத்தோடு போட்டியிட வேண்டியுள்ளது. காரணம், அந்தத் தாள்களின் ஆயுள் மிகக் குறைவு.

தலைநகரில் பழைய நூல்களையும் இதழ்களையும் தேடுவோருக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வருவது தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. நடைபாதையில் நடைபெற்று வந்த இச்சந்தை, 2019-ம் ஆண்டில் ஆசஃப் அலி சாலையில் உள்ள மகிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றப்பட்டது.

எட்டு ஆண்டு நட்பு

இந்தியாவுக்கும் சீனத்தின் திபெத் பகுதிக்கும் இடையிலான வணிகம் குறித்த ஒப்பந்தம் 1954 ஏப்ரல் 29-ம் தேதி பெய்ஜிங்கில் கையெழுத்தானது. வணிக முகமைகள், யாத்ரிகர்கள், மலைக் கணவாய்கள் ஆகியவையே அதன் பெரும்பகுதி. பஞ்சசீலம் எனப் பின்னர் புகழ்பெற்ற ஐந்து கொள்கைகள் முகப்புரையில் இடம்பெற்றன. வணிகத்தையா, கொள்கையையா, எதை ஒரு நாளிதழ் தலைப்பில் வைத்தது என்பதைக் கொண்டே அன்றைய கணிப்பை அறியலாம்.

அந்த ஒப்பந்தத்தின் காலம் எட்டு ஆண்டுகள். 1962 ஜூன் மாதத்தில் அது புதுப்பிக்கப்படாமலேயே காலாவதியானது. அதே ஆண்டு அக்டோபர் 20-ம் தேதி எல்லையில் போர் மூண்டது. எனவே 1954 இதழுக்கு அருகில் 1962 அக்டோபர் இதழையும் வைத்தால்தான் தொகுப்பு முழுமை பெறும்.

1971 ஆகஸ்ட் 9-ம் தேதி வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங்கும் சோவியத் அமைச்சர் குரோமிகோவும் தில்லியில் கையெழுத்திட்ட நட்புறவு உடன்படிக்கையும் இவ்வரிசையில் முக்கியமானது. வங்கதேசப் போருக்கு நான்கு மாதங்கள் முன்பு அது உருவானது.

எந்தப் பதிப்பு?

1972 ஜூலை 2-ம் தேதியிட்ட சிம்லா ஒப்பந்தம், உண்மையில் நள்ளிரவைத் தாண்டியே கையெழுத்தானது. ஆகவே 3-ம் தேதி இதழ் என்பது மட்டும் போதாது. முன்னதாக அச்சாகும் வெளியூர்ப் பதிப்பா, கடைசியாக அச்சாகும் நகரப் பதிப்பா என்பதையும் கவனிக்க வேண்டும்.

நினைவு மலர்களுக்காக மறுபதிப்பு செய்யப்பட்ட முதல் பக்கங்களை அசல் என்று நம்பி ஏமாறுவதும் உண்டு. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்துத் தாளைத் தடவிப் பார்த்தால், அச்சு அழுந்திய தடம் பின்புறத்தில் லேசாகத் தட்டுப்படும். ஆஃப்செட் மறுபதிப்பில் அது இருக்காது. வெட்டியெடுத்த துணுக்கைவிட முழு இதழுக்கே மதிப்பு அதிகம்.

மரக்கூழில் உள்ள லிக்னின் என்ற பொருள் ஒளியும் காற்றும் படும்போது தாளைப் பழுப்பாக்குகிறது. அமிலம் அதை நொறுங்கச் செய்கிறது. கிழிசலை ஒட்டும் நாடாவால் ஒட்டுவதும், பிளாஸ்டிக் உறையிட்டு வெப்பத்தால் மூடுவதும் தீங்கையே விளைவிக்கும். அமிலமற்ற பெட்டியில், இருளான, ஈரமில்லாத இடத்தில் தட்டையாக வைப்பதே பாதுகாப்பு.

ஒப்பந்தங்களின் வாசகம் அரசு ஆவணங்களில் நிலைத்திருக்கும். ஆனால், மறுநாள் காலையில் அது எந்தச் செய்திகளுக்கு நடுவே, எவ்வளவு நம்பிக்கையுடன் மக்களிடம் சென்றது என்பதை அறிய, எடைக்குப் போகாமல் தப்பிய இத்தாள்களையே புரட்ட வேண்டியுள்ளது.