மழை வந்தால் ஆஸ்ட்ரோ ஏன் நிற்கிறது?

புக்கிட் பெலண்டோக் தோட்டப் பக்கம் சாயங்காலம் மழை பிடித்தால் வானவில் நாடகம் பாதியில் நின்றுபோகும். உடனே யாராவது ஏணியைத் தேடுவார்கள். காரணத்தை மாணவர்களுக்குச் சொல்லிவிட்டால், இடி நேரத்தில் கூரை ஏறுகிற ஆபத்து குறையும்.

ஆஸ்ட்ரோ 1996-இல் மீசாட்-1 வழியாகத் தொடங்கியது. இன்றும் மீசாட் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்கு 91.5 பாகையில், ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் நமக்கு அவை ஒரே இடத்தில் நிற்பதுபோல்தான். தட்டை ஒருமுறை சரியாக வைத்தால் போதும்.

நம் ஊரிலிருந்து பார்த்தால் அந்த இடம் கொஞ்சம் மேற்கே, கிட்டத்தட்ட உச்சிவானில். அதனால் நம் தலைக்கு மேல் நிற்கும் மழையைத் துளைத்துத்தான் அலை இறங்கணும். அலைநீளமோ வெறும் இரண்டரை சென்டிமீட்டர் அளவு. கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சும், சிதறடிக்கும். அதே நேரம் போர்ட்டிக்சனில் வெயில் என்றால் அங்கே படம் ஜோராக ஓடும்!

பழைய ஏரியல் டிவியில் படம் மெல்ல மங்கும். இது இலக்கமுறை ஒளிபரப்பு. சிறு பிழைகளை டிகோடரே திருத்திக்கொள்ளும். அளவு மீறினால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, சட்டென்று மறையும்.

மழை விட்டால் தானாகவே வரும். வராவிட்டால் மட்டும், கூரை காய்ந்த பிறகு, கேபிள் முனையில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.