ஒரு முழம் மண், அடியில் சுண்ணாம்பு: நெவாடா மலைகளை ‘காலி இடம்’ என்று நினைப்பது ஏன் தப்பு?

நெவாடா என்றதும் பெரும்பாலானோருக்கு லாஸ் வேகாஸ்தான் ஞாபகம் வரும். அங்கிருந்து வடக்கே சுமார் நான்கு மணி நேரம் காரில் போனால் ஈலி என்ற சிறு நகரம். கடல் மட்டத்திலிருந்து 1,900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஜனவரி இரவுகளில் குளிர் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போகும். மழை, பனி எல்லாம் சேர்த்தே ஆண்டுக்குச் சுமார் 250 மி.மீ.தான். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் மலைகள், சரிவுகளில் சாம்பல் நிறப் புதர்கள், இடையிடையே வெறும் தரை. காரில் கடப்பவர்கள் ‘ஒண்ணுமே இல்லாத இடம்பா’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

இறங்கி நடந்தால் வேறு ஒன்று கண்ணில் படும். ஓரிடத்தில் இடுப்பளவு வளர்ந்த பிக் சேஜ்பிரஷ் புதர். கொஞ்சம் தள்ளி, முழங்காலைக்கூடத் தொடாத பிளாக் சேஜ்பிரஷ். இரண்டுக்கும் அதே மழை, அதே வெயில். பிறகு எதற்கு இந்த வித்தியாசம்?

மண்வெட்டியைக் கேட்டால் தெரியும். உயரமான புதரின் அடியில் அது சுலபமாக இறங்கிக்கொண்டே போகும். குட்டைப் புதரின் அடியில் ஒரு முழம் இறங்குவதற்குள் ‘டங்’ என்று பாறையிலோ, பாறைபோல் இறுகிய சுண்ணாம்புத் தட்டிலோ இடிக்கும். அமெரிக்க மண் ஆய்வுத் துறையின் கணக்கில் 50 செ.மீ.க்குள் பாறையோ கெட்டித் தட்டோ தட்டுப்பட்டால் அது ‘ஆழமற்ற மண்’. இந்த மலைகளில் யார் வாழலாம், எத்தனை ஆடு மேயலாம் என்பதை எல்லாம் பெருமளவு தீர்மானிப்பது இந்த ஒரு முழம்தான்.

சுண்ணாம்பு அங்கேயே தங்குவது ஏன்?

மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சோடாத் தண்ணீர் மாதிரி. அது சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இழுத்துப் போகும். மழை அதிகமுள்ள ஊராக இருந்தால் அந்தச் சுண்ணாம்பு நிலத்தடி நீரோடு கலந்து ஆறு, கடல் என்று போய்ச் சேர்ந்துவிடும். நெவாடாவில் தண்ணீர் அவ்வளவு தூரம் போவதில்லை. பனி உருகி ஒரு சாண், இரு சாண் நனைக்கும். அதற்குள் மண் காய்ந்துவிடும். கரைந்த சுண்ணாம்பு நின்ற இடத்திலேயே மறுபடி படிகிறது. நம் கிராமங்களில் சுக்கான் கல் என்று சொல்வார்களே, அதே சமாச்சாரம்தான்.

இதைப் பார்க்க லேப் தேவையில்லை. குழியில் இருந்து ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். மேல் பக்கம் சுத்தமாக இருக்கும், அடிப்பக்கத்தில் வெள்ளை அப்பியிருக்கும். தண்ணீர் கல்லைச் சுற்றி வழிந்து அடியில் தொங்கி உலர்ந்த அடையாளம் அது. மண் ஆய்வாளர்கள் சின்ன பாட்டிலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்திருப்பார்கள். இந்த மண்ணில் ஒரு சொட்டு விட்டால் புஸ்ஸென்று நுரைக்கும். நுரையையும் அவர்கள் தரம் பிரித்து எழுதுகிறார்கள். அதில் உச்சபட்ச வகைக்குப் பெயரே ‘மூர்க்கமான நுரைப்பு’!

இந்தப் படிவு இறுகித் தட்டாக மாறப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும்.

குட்டி டேங்க், கொஞ்சம் சாப்பாடு

மண்ணை மாடியில் இருக்கும் தண்ணீர் டேங்க் என்று வைத்துக்கொள்வோம். மண்ணின் ஆழம் 40 செ.மீ., அதில் பாதி கல் என்றால், செடிக்குக் கிடைக்கக்கூடிய தண்ணீர் ஏறக்குறைய 30 மி.மீ.தான் தேங்கும். ஜூன் வெயிலில் செடிகள் தாராளமாகக் குடித்தால் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. அதனால் இங்குள்ள செடிகள் பனி உருகும் வசந்தத்தில் அவசரமாக வளர்ந்துவிட்டு, கோடையில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கின்றன. பாறை விரிசலுக்குள் வேர் விடத் தெரிந்தவைக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு.

சாப்பாட்டுப் பிரச்சினையும் உண்டு. மண்ணின் பி.எச். 8-ஐ ஒட்டி இருக்கும். அந்த நிலையில் பாஸ்பரஸைக் கால்சியம் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தாலும் கரைந்து வேருக்கு வராது. பழக்கமில்லாத செடியைக் கொண்டுபோய் நட்டால் இலை மஞ்சளாகிவிடும்.

பிளாக் சேஜ்பிரஷ் இதற்கெல்லாம் பழகிய செடி. சொல்லப்போனால் மற்றவர்கள் வர முடியாததால்தான் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. குளிர்காலத்திலும் இலை தாங்கி நிற்கும். பிராங்ஹார்ன் மான், சேஜ் கிரவுஸ் பறவை, செம்மறியாடு மூன்றும் பனிக்காலத்தில் அதைத் தேடி வருகின்றன. கோடையில் உயர்ந்த மலைகளில் மேயும் மந்தைகள் குளிர்காலத்தில் இந்தப் பக்கம் இறங்கும். குடிக்கத் தண்ணீர்? ஆடுகள் பனியையே தின்றுகொள்ளும். ஒரு காலத்தில் ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் இருந்து வந்த பாஸ்க் மக்கள் மேய்த்தார்கள். இப்போது மேய்ப்பர்களில் பலர் பெரு நாட்டுக்காரர்கள்.

எத்தனை மாடு, எத்தனை ஏக்கர்?

நெவாடாவின் பெரும்பகுதி மத்திய அரசின் நிலம். 1934-ல் வந்த டெய்லர் மேய்ச்சல் சட்டத்துக்குப் பிறகு அரசு மேய்ச்சல் நிலங்களில் அனுமதி வாங்கித்தான் மேய்க்க வேண்டும். அதற்கு முன்பு முதலில் வந்தவருக்கே புல் என்ற கதைதான். அதன் காயம் இன்னும் பல இடங்களில் ஆறவில்லை.

ஒரு தோராயக் கணக்கு. மாடு ஒன்று நாளைக்கு 12 கிலோ காய்ந்த தீவனம் தின்றால் மாதத்துக்கு 360 கிலோ. ஆழமற்ற மண் ஒரு ஹெக்டேரில் ஆண்டு முழுக்க 300 கிலோ விளைகிறது, அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுக்கலாம் என்று வையுங்கள். ஒரு மாட்டுக்கு ஒரு மாதம் ஓட்டவே 3.6 ஹெக்டேர், அதாவது சுமார் ஒன்பது ஏக்கர் வேண்டும். மண்ணின் ஆழத்தைத் தப்பாகக் கணித்து அனுமதி கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

வயிறு மட்டுமல்ல, குளம்பும் பிரச்சினை. புதர்களுக்கு நடுவே வெறும் தரைபோலத் தெரிவது உண்மையில் உயிருள்ள தோல். சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் சேர்ந்து மண் துகள்களைப் பின்னிப் பிடித்திருக்கும். காற்றில் இருந்து நைட்ரஜனையும் மண்ணுக்குச் சேர்க்கும். காய்ந்த நேரத்தில் மிதித்தால் நொறுங்கிவிடும். லைக்கன் திரும்ப வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் காற்று மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போகும். ஒரு மீட்டர் மண் இருக்கும் இடத்தில் இரண்டு செ.மீ. போனால் தெரியாது. ஒரு முழம் மட்டுமே இருக்கும் இடத்தில்?

சீட்கிராஸ் வந்த பிறகு

தோல் உடைந்த இடத்தில் நுழைவது சீட்கிராஸ் என்ற புல். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யுரேஷியாவில் இருந்து அமெரிக்காவுக்கு வந்தது. இலையுதிர் காலத்திலேயே முளைத்து, வசந்தத்து ஈரத்தை முந்திக் குடித்து, கோடை தொடங்கும்போதே காய்ந்து பற்றத் தயாராக நிற்கும்.

பிளாக் சேஜ்பிரஷ் நிலத்தில் முன்பெல்லாம் தீ அபூர்வம். புதருக்கும் புதருக்கும் நடுவே எரிய ஒன்றும் கிடையாது. வெற்றிடம்தான் பாதுகாப்பு. அந்த இடைவெளியைச் சீட்கிராஸ் நிரப்பிவிட்டால் தீக்குத் தொடர்ச்சியாகப் பாதை கிடைத்துவிடுகிறது. 2018 ஜூலையில் வடக்கு நெவாடாவில் பரவிய மார்ட்டின் தீ 4 லட்சத்து 35 ஆயிரம் ஏக்கரை எரித்தது. காய்ந்த சீட்கிராஸ் அதற்கு முக்கிய எரிபொருள்.

எரிந்த பிளாக் சேஜ்பிரஷ் பெரும்பாலும் அடியில் இருந்து துளிர்க்காது. விதையில் இருந்துதான் வர வேண்டும். விதையோ பொடிசு, தாய்ச்செடியை விட்டு அதிக தூரம் போகாது, மண்ணில் நீண்ட காலம் உயிரோடும் இருக்காது. அதனால்தான் தீக்குப் பிறகு மனிதர்கள் விதைக்கிறார்கள். ஆழமான மண்ணுக்குரிய பிக் சேஜ்பிரஷ் விதையை ஆழமற்ற சுண்ணாம்பு மண்ணில் தூவினால், பணமும் போய் அந்த வசந்தமும் போய்விடும்.

இதற்கான மண் வரைபடங்கள் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. அமெரிக்காவில் 20,000-க்கும் மேற்பட்ட மண் வகைகளுக்குத் தனித்தனிப் பெயரும் விவரமும் உண்டு. கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தின் ‘சாயில்வெப்’ செயலியை போனில் திறந்தால், நிற்கும் இடத்தின் மண் விவரத்தைக் காட்டும். ஆனால் வரைபடத்தில் ஒரே நிறத்தில் இருக்கும் சரிவுக்குள்ளேயே பத்தடிக்குப் பத்தடி ஆழம் மாறும். எனவே விதை மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் மண்வெட்டியும் அமில பாட்டிலுமாக நடந்து, இடம் இடமாகக் குழி தோண்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.