விலகியது எது?

முதுகு வலி என்று ஸ்கேன் எடுத்துவிட்டு வரும் இருபத்தைந்து வயதுக்காரரின் கையில் ஒரு பெரிய கவர் இருக்கும், வாயில் ஒரு சொல் இருக்கும்: ‘டிஸ்க் விலகிடுச்சாம்.’ பாதி பயம் இந்தச் சொல்லிலிருந்தே வருகிறது. இடம் மாறி நழுவ, டிஸ்க் ஒன்றும் எலும்புகளுக்கு நடுவே செருகிவைத்த வாஷர் அல்ல. மேலும் கீழும் முள்ளெலும்போடு ஒட்டிக்கொண்டிருப்பது. வெளியே டயரைப் போல அடுக்கடுக்காக நார் பின்னிய வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். வளையத்தில் கீறல் விழுந்தால் கூழ் அந்த வழியே பிதுங்கி நரம்பின் வேரைத் தொடுகிறது. வயதானவரின் டிஸ்க்கில் கூழ் வற்றியிருக்கும். இளவயதில் ஈரம் அதிகம், பிதுங்கும் வேகமும் அதிகம். ஆகவே இதற்குப் பெயர் பிதுக்கம், விலகல் அல்ல.

உண்மையிலேயே விலகக்கூடியது எலும்பு. முள்ளெலும்பின் பின்வளைவில் குறுகலான ஓர் இடம் உண்டு. வேகப்பந்து வீச்சாளர்கள், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் பிள்ளைகள் போல முதுகைத் திரும்பத் திரும்பப் பின்னுக்கு வளைப்பவர்களுக்கு அங்கே விரிசல் விடலாம். இரண்டு பக்கமும் விட்டால் எலும்பு முன்னால் நழுவலாம். நழுவியதெல்லாம் ஆட்டம் காண்பதும் இல்லை. படுத்தபடி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் இந்த ஆட்டம் தெரியாமலே போகக்கூடும் என்பதால், நின்றபடி குனிந்து ஒன்று, பின்னால் சாய்ந்து ஒன்று என்று எக்ஸ்ரே எடுக்கிறார்கள். இரண்டு படங்களுக்கும் இடையே எலும்பு 3, 4 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால்தான் பொதுவாக ‘நிலையின்மை’ என்பார்கள். ஸ்குரூ, ராடு வைத்து எலும்புகளை இணைக்கும் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் பொருந்தும். வெறும் பிதுக்கத்துக்கு, ஆபரேஷன் தேவைப்பட்டாலும், பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பதே வழக்கம். ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதில் வரும் குழப்பம் சின்னதல்ல.

பிதுக்கம் என்று ரிப்போர்ட்டில் இருப்பதே நோய்க்குச் சான்றா? முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை, 33 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2015இல் ஒரு கட்டுரை வெளியானது. இருபது வயதினரிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருந்தது. 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம். ‘அப்படியானால் என் வலி பொய்யா?’ என்று கேட்பது நியாயம். பொய்யில்லை. ஆனால் படம் சொல்வதும் உடம்பு சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கும்போது முழங்காலுக்குக் கீழே வரை சுரீர் என்று இழுக்கிறதா, பெருவிரலை மேலே தூக்கும் பலம் குறைந்திருக்கிறதா, ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்த முடிகிறதா என்ற சோதனைகளுக்குக் காசு செலவில்லை. அதனாலோ என்னவோ மதிப்பும் குறைவு.

காத்திருந்தால் முற்றிவிடாதா என்பது அடுத்த கேள்வி. படத்தில் கோரமாகத் தெரிவதுதான் அதிகம் கரைகிறது: தனித் துண்டாகப் பிரிந்தவற்றில் 96 சதவீதம் தானாகச் சுருங்கின, வெறும் புடைப்பில் 13 சதவீதமே என்கிறது ஒரு தொகுப்பாய்வு. வெளியே வந்த கூழை உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அந்நியமாகக் கருதித் தின்றுவிடுகின்றன. நெதர்லாந்தில் கடுமையான கால்வலி உள்ள 283 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2007இல் வந்தது. உடனே ஆபரேஷன் செய்த அணிக்கு, காத்திருந்த அணியைவிட வலி சீக்கிரம் விட்டது. ஓராண்டு முடிவில் இரு அணியிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தனர். காத்திருந்தோரில் 39 சதவீதம் பேர் வலி தாங்காமல் பிறகு கத்திக்குப் போனதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதாவது, கத்தியா காத்திருப்பா என்பதைப் பலருக்கு வலியைத் தாங்கும் சக்தியே தீர்மானிக்கிறது. காலில் பலம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப்போய், சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் கசிந்தாலோ விடியட்டும் என்றுகூட இருக்கக் கூடாது. அன்றிரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.