பள்ளிக்கூடத்தைக் காக்கும் வைக்கோல் பொம்மைகள்

கதிர் முற்றும் காலத்தில் நம் வயல்களில் ஒரு காவலாள் நிற்பான். இரண்டு மூங்கில் கழிகளைக் குறுக்காகக் கட்டி, வைக்கோல் திணித்து, கிழிந்த சட்டையொன்றை மாட்டி, தலைக்கு மண்சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பினால் கண்ணும் வாயும் எழுதிவிட்டால் அவன் ஆயத்தம். கூலி கேட்பதில்லை, உறங்குவதுமில்லை. சோளக்கொல்லைப் பொம்மை என்று நாம் சாதாரணமாகக் கடந்து செல்லும் இந்தக் காவலாளுக்கு விழா எடுக்கும் ஊர் ஒன்று உண்டு.

அதன் பெயர் கெட்டில்வெல். இங்கிலாந்தின் வடபகுதியில், 1954-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட யார்க்‌ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்குப் பகுதியில், வார்ஃப் ஆற்றை ஒட்டி அமைந்த சிற்றூர். சுண்ணாம்புக்கல் குன்றுகள், சாந்து பூசாமல் கல்லின்மேல் கல் அடுக்கி எழுப்பிய மதில்கள், ஆடுகள் மேயும் புல்வெளிகள். தானியம் விளையும் வயல்கள் அங்கே அரிது. பின் எதைக் காப்பதற்காக இத்தனை பொம்மைகள்?

ஊர் கூடி எடுக்கும் விழா

ஊரில் வாழ்வோர் சில நூறு பேரே. இத்தகைய மலையூர்களில் பிழைப்புக்கு வழி குறைவு; இளைஞர்கள் நகரங்களை நாடுகின்றனர். விடுமுறையைக் கழிப்பதற்கென்று வெளியூர்ச் செல்வர்கள் வீடுகளை வாங்குவதால் வீட்டு விலையும் ஏறிவிடுகிறது. இளங்குடும்பங்கள் குறைந்தால் பள்ளியில் பிள்ளைகள் குறைவர். பிள்ளைகள் குறைந்தால் பள்ளிக்கு ஆபத்து. பள்ளி இல்லாத ஊரில் புதிய குடும்பம் எதுவும் குடியேறத் துணியாது.

இந்நிலையில்தான் 1994-ஆம் ஆண்டு, ஊர்ப் பள்ளிக்கும் பொதுக் காரியங்களுக்கும் நிதி திரட்டும் பொருட்டு இவ்விழா தொடங்கப்பட்டது. வைக்கோலுக்கும் பழந்துணிக்கும் பெரிய செலவு ஏது? வீட்டுக்கு வீடு பொம்மை செய்தனர். ஆகஸ்டு மாதத்தில் ஒன்பது நாட்கள் நடைபெறும் இவ்விழாவைக் காணப் பிற ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டு வரலாயினர்.

குடும்பத்தோடு ஒரு நாள்

முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் பிராட்ஃபோர்டு நகரிலிருந்து இவ்வூருக்குக் காரில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். கட்டுச்சோறு எடுத்துச் சென்றால் ஆற்றங்கரைப் புல்வெளியில் அமர்ந்து உண்ணலாம்.

ஊருக்குள் நுழைந்ததும் வழிகாட்டும் தாள் ஒன்றை விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சிறு தொகையே விழாவின் வருவாய்களுள் ஒன்று. தாளில் விடுகதைகள் இருக்கும். ஒவ்வொரு பொம்மையாகத் தேடிக் கண்டுபிடித்து விடை எழுதிக்கொண்டே போக வேண்டும். கூரைமேல் ஒன்று ஏறி நிற்கும். ஓடைக்குள் ஒன்று தூண்டில் போடும். சன்னல் வழியே ஒன்று எட்டிப் பார்க்கும். வீட்டில் தொலைக்காட்சியை விட்டு அகலாத பிள்ளைகளும் இங்கே தாய் தந்தையரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஊர் முழுவதும் நடப்பார்கள். விடை தெரியாதபோது பாட்டனாரிடம் ஓடுவார்கள். மூன்று தலைமுறையும் ஒரே விளையாட்டில் ஈடுபடும் வாய்ப்பு இக்காலத்தில் எத்தனை இடங்களில் கிடைக்கிறது?

காலம் கடந்த ஊர்

இதன் மறுபக்கத்தை ஜப்பானில் காணலாம். ஷிகோகு தீவின் இயா பள்ளத்தாக்கில் நாகோரோ என்றொரு மலையூர். 2000-ஆம் ஆண்டுக்குப் பின்னர், முதிய தந்தையைப் பராமரிப்பதற்காக ஒசாகா நகரிலிருந்து சுகிமி அயானோ என்னும் பெண்மணி அங்கே திரும்பி வந்தார். தோட்டத்து விதைகளைப் பறவைகள் தின்றுவிடவே, தந்தையின் சாயலில் ஒரு பொம்மை செய்து நிறுத்தினார். அக்கம்பக்கத்தார் அதனைத் தந்தையென்றே எண்ணிக் காலை வணக்கம் கூறினார்களாம்!

பின்னர், இறந்தவர்களையும் ஊரைவிட்டுச் சென்றவர்களையும் நினைத்து ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்கினார். பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்போர், வயலில் வேலை செய்வோர் என்று ஊரெங்கும் பொம்மைகள். கடைசி மாணவர் இருவரும் படிப்பை முடித்ததும் 2012-இல் அவ்வூர்ப் பள்ளி மூடப்பட்டது. இப்போது வகுப்பறையில் பொம்மைகளே அமர்ந்திருக்கின்றன. உயிருள்ள மனிதர்கள் முப்பதுக்கும் குறைவு, பொம்மைகளோ நூற்றுக்கணக்கில். வெளிநாட்டுப் பயணிகளும் வந்து கண்டு வியந்து செல்கின்றனர். ஆனால் வந்தவர் எவரும் அங்கே தங்கிவிடுவதில்லை.

பொருள் ஒன்றுதான்: கொஞ்சம் துணி, கொஞ்சம் வைக்கோல். ஓர் ஊர் மனிதர்கள் இருக்கும்போதே அதைக் கையிலெடுத்துத் தன் பள்ளிக்குத் துணை தேடிக்கொண்டது. மற்றோர் ஊரில், மனிதர்கள் சென்றபின் அவர்களின் நினைவாக அது நிற்கிறது.

பிழைப்புக்காக வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்களின் பூட்டிய வீடுகள் நம் ஊர்களிலும் உண்டு. விடுமுறைக்கு வரும்போது பிள்ளைகளைக் கடற்கரைக்கும் கடைவீதிக்கும் அழைத்துச் செல்கிறோம், மகிழ்ச்சியே. அவற்றுள் ஒரு நாளை, தாம் படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்தை அவர்களுக்குக் காட்டுவதற்கும், அங்கே ஓடு மாற்ற வேண்டுமா, நூலகத்துக்கு நூல் வேண்டுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்பதற்கும் ஒதுக்கிப் பாருங்கள். ஊர் என்பது யாருக்காக என்பதைப் பிள்ளைகள் அன்று அறிந்துகொள்வார்கள்.