சார்ஜரின் முதுகில் இருக்கும் பொடி எழுத்து

சென்னை விமான நிலையத்தின் செக்-இன் கவுன்ட்டர்களில் இப்போது அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி இது. பெட்டி எடை போடும் பெல்ட்டில் ஏறியதும் ஊழியர் கேட்கிறார்: "பவர் பேங்க், பேட்டரி ஏதாவது பெட்டியில வெச்சிருக்கீங்களா சார்?" பயணியின் முகம் மாறுகிறது. சுற்றிக் கட்டிய கயிறு அவிழ்கிறது, பூட்டு திறக்கிறது, வரிசைக்குப் பக்கத்திலேயே பெட்டி தரையில் விரிகிறது. புடவைகள், சாம்பார்பொடிப் பொட்டலங்கள், மாத்திரை டப்பா எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து பவர் பேங்க் வெளியே வருகிறது. கூடவே, எந்தக் கருவிக்கு உரியவை என்று வீட்டில் யாருக்குமே தெரியாத இரண்டு சார்ஜர்களும் வருகின்றன.

ஒரு குடும்பம் வெளியூர் கிளம்பினால் ஆளுக்கொரு போன், ஒரு லேப்டாப், இயர்பட்ஸ், ஸ்மார்ட் வாட்ச், கேமரா, அப்பாவின் காது கேட்கும் கருவி என்று கையோடு கிளம்பும் மின்கருவிகள் பத்தைத் தாண்டிவிடுகின்றன. இவற்றை அடுக்குவதற்கென்றே விதவிதமான பைகள் விற்கின்றன. ஆனால் பை வாங்குவது கடைசி வேலை. முதல் வேலை, ஒவ்வொரு சார்ஜரையும் பவர் பேங்கையும் திருப்பிப் பிடித்து அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் பொடி எழுத்தைப் படிப்பதுதான். எதை எடுத்துப் போகலாம், எதை வீட்டிலேயே விடலாம், எது பெட்டிக்குள், எது கைப்பையில் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த மூன்று நான்கு வரிகளில் இருக்கிறது.

பவர் பேங்கிலிருந்து தொடங்கலாம். கடையில் நாம் கேட்பது "பத்தாயிரமா, இருபதாயிரமா?" என்று. அது மில்லி ஆம்பியர் ஹவர் கணக்கு. விமானத்தில் செல்லுபடியாவது வேறொரு கணக்கு: வாட் ஹவர். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது எளிது. மில்லி ஆம்பியர் ஹவர் எண்ணை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். 10,000 என்றால் 37 வாட் ஹவர். 20,000 என்றால் 74. 27,000 என்றால் 99.9. உலகம் முழுக்க விமான நிறுவனங்கள் பின்பற்றும் எல்லை 100 வாட் ஹவர். அதற்குள் இருந்தால் பொதுவாகத் தனி அனுமதி வேண்டாம். 100-க்கும் 160-க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வாங்க வேண்டும். 160-ஐத் தாண்டினால் பயணிகள் விமானத்தில் ஏற்றவே முடியாது. பெரும்பாலான பவர் பேங்குகள் 27,000-க்கு மேல் கடைக்கு வராததற்கும் இந்த 100 வாட் ஹவர் எல்லைதான் காரணம். முதுகில் உள்ள எழுத்து தேய்ந்து அழிந்துபோன பவர் பேங்க் என்றால், அதன் அளவை யாரிடமும் நிரூபிக்க வழியில்லை. அதை வீட்டிலேயே விட்டுப் போவது நல்லது.

அதே முதுகில் இன்னொரு வரியும் இருக்கும்: 'ரேட்டட் கெப்பாசிட்டி'. முன்பக்கம் பெரிதாக 10,000 என்று போட்டிருந்தாலும் இங்கே 6,000 சொச்சம்தான் இருக்கும். உள்ளே இருக்கும் பேட்டரியின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது கணக்கு மாறுகிறது, கொஞ்சம் வெப்பமாகவும் வீணாகிறது. ஆகவே 5,000 கொள்ளளவுள்ள போனை அது இரண்டு முறை முழுதாக நிரப்பாது. ஒன்றே கால் முறை நிரப்பினால் அதிகம். இரண்டு நாள் மலையேற்றத்துக்குப் போகிறவருக்கு இது முக்கியமான விவரம்.

பேட்டரி ஏன் கையில்தான் இருக்க வேண்டும்? லித்தியம் அயன் பேட்டரிக்குள் ஒரு இடத்தில் ஷார்ட் ஆகிச் சூடேறினால், அந்தச் சூடே அடுத்த வேதிவினையைத் தூண்டி மேலும் சூட்டைக் கிளப்பும். விமானத்தின் அடியில் சரக்கு வைக்கும் பகுதியில் தீயணைப்பு வாயு உண்டு. அது சுடரை அடக்கும். பேட்டரியின் உள்சூட்டைத் தணிக்காது. தணிப்பதற்குத் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பயணிகள் அமரும் இடத்தில்தான் இருக்கிறார்.

2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் பூசான் நகர விமான நிலையத்தில், ஹாங்காங் கிளம்பத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தில், தலைக்கு மேலே பை வைக்கும் அறையிலிருந்து புகை வந்தது. உள்ளே இருந்த 176 பேரும் சறுக்கு வழியாக இறங்கித் தப்பினார்கள். விமானத்தின் கூரை எரிந்து போனது. பவர் பேங்க் ஒன்றின் உட்புறக் காப்புறை சிதைந்ததே காரணமாக இருக்கலாம் என்று விசாரணையின் இடைக்கால முடிவு சொன்னது. தென் கொரியா பவர் பேங்கை மேலறையில் வைக்கத் தடை போட்டது. அதே ஆண்டு ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், அக்டோபர் முதல் எமிரேட்ஸும் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதை நிறுத்தின. எமிரேட்ஸில் ஆளுக்கு ஒன்றுதான், அதுவும் 100 வாட் ஹவருக்குள். அக்டோபர் 19 அன்று டெல்லியிலிருந்து திமாபூர் கிளம்பிய இண்டிகோ விமானம் ஓடுபாதை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தபோது, முன் இருக்கையின் பைக்குள் இருந்த பவர் பேங்க் தீப்பிடித்தது, விமானப் பணியாளர்கள் அணைத்துவிட்டார்கள். அதன் பிறகு இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் விதிகளை இறுக்கியது.

ஆக, பவர் பேங்கின் இடம் கைப்பை. விமானத்தில் ஏறிய பின் காலடியிலோ மடியிலோ, கண்ணுக்குத் தெரியும் இடம். கேமராவின் உதிரி பேட்டரிகளுக்கும் இதே விதிதான். அவற்றின் உலோக முனைகளில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் சாவியோ சில்லறையோ பட்டு ஷார்ட் ஆகாது. பேட்டரி பதித்த 'ஸ்மார்ட்' பெட்டிகள் ஒரு காலத்தில் பரபரப்பாக விற்றன. பேட்டரியைக் கழற்ற முடியாவிட்டால் ஏற்ற மாட்டோம் என்று 2018 ஜனவரியில் அமெரிக்க விமான நிறுவனங்கள் சொன்னதும், அந்தத் துறையில் முன்னணியில் இருந்த புளூஸ்மார்ட் நிறுவனம் அதே ஆண்டு மூடப்பட்டது.

அடுத்தது சார்ஜர்களின் எண்ணிக்கை. இங்கேதான் பை பாதியாகக் குறையும். 2023 செப்டம்பரில் ஐபோனும் டைப்-சி துளைக்கு மாறியது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய போன், டேப்லெட், கேமரா, இயர்போன் எல்லாவற்றுக்கும் டைப்-சி கட்டாயமானது. அதன் பலன் நம் ஊர்க் கடைகளுக்கும் வந்திருக்கிறது. 65 வாட் தரும், இரண்டு டைப்-சி துளைகள் உள்ள ஒரே சார்ஜர், சாதாரண லேப்டாப்பையும் போனையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளும். சிலிக்கானுக்குப் பதில் காலியம் நைட்ரைடு என்ற பொருளில் செய்த சார்ஜர்கள் உள்ளங்கைக்குள் அடங்குகின்றன. இவை மிக வேகமாக மின்னோட்டத்தைத் திறந்து மூடுவதால் உள்ளே பெரிய டிரான்ஸ்பார்மர் தேவைப்படுவதில்லை, சூடும் குறைவு. நீல நிற எல்.இ.டி. விளக்குக்காக மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-இல் நோபல் பரிசு வாங்கித் தந்ததும் இதே காலியம் நைட்ரைடுதான்.

வாங்குமுன் முதுகைப் படிக்க வேண்டும். 65 வாட் என்பது பெரும்பாலும் ஒரு துளையை மட்டும் பயன்படுத்தும்போது கிடைப்பது. இரண்டிலும் செருகினால் 45-உம் 20-உம் என்று பிரியும் என்பது கீழே பொடியாக எழுதியிருக்கும். ஓப்போ, ஒன்பிளஸ் போன்ற சில நிறுவனங்களின் அதிவேக சார்ஜிங் அவற்றின் சொந்த சார்ஜரோடும் கேபிளோடும்தான் முழு வேகத்தில் நடக்கும். பொது சார்ஜரில் மெதுவாக ஏறும். ராத்திரி தூங்கும்போது சார்ஜ் போடுகிறவருக்கு அந்த மெதுவால் நஷ்டமில்லை. கேம் விளையாடும் பெரிய லேப்டாப் என்றால் அதற்குரிய கனமான சார்ஜரைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

கேபிள்களும் எல்லாம் ஒன்றல்ல. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் டைப்-சி கேபிள்களில் சாதாரணமானவை 60 வாட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போக, தன் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் சின்ன சிப் ஒன்று கேபிளின் முனைக்குள் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட 100 வாட் கேபிள் ஒன்றை வைத்துக்கொண்டால் போனுக்கும் அதுவே போதும். வீட்டில் கிடக்கும் கேபிள்களில் எது எது என்று ஒருமுறை சோதித்து, நல்லதன் கழுத்தில் வண்ண டேப் சுற்றி வைத்தால் பிறகு குழப்பமே இல்லை.

இனி வோல்ட்டேஜ். சார்ஜரின் முதுகில் 'இன்புட் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் அது ஜப்பானின் 100 வோல்ட்டிலும் ஓடும், அமெரிக்காவின் 120-இலும் ஓடும், நம் 230-இலும் ஓடும். பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். அந்த வரி இல்லாமல் '220-240' என்று மட்டும் இருந்தால் அமெரிக்காவுக்கு எடுத்துப் போவதில் பயனில்லை. அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு மிக்ஸி வாங்கும் குடும்பங்கள் கடையில் '110 வோல்ட் மிக்ஸி' என்று கேட்டு வாங்குவது இதனால்தான். திரும்பி வரும்போது அங்கிருந்து கொண்டுவரும் 120 வோல்ட் ஹேர் டிரையரை இங்கே செருகினால் சில நொடிகளில் புகைந்துவிடும்.

பிளக் விஷயத்தில் தமிழர்கள் அதிகம் போகும் ஊர்கள் பலவற்றில் ஒரே வடிவம்தான்: சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் எல்லா இடத்திலும் பட்டையான மூன்று பின். 1947-இல் பிரிட்டனில் வகுத்த தரம் அது. இலங்கையிலும் பழைய வீடுகளில் நம்முடையதைப் போன்ற உருண்டை பின் இருந்தாலும், 2017-இல் பட்டைப் பின்னையே ஒரே தரமாக ஏற்றார்கள். இந்தச் சாக்கெட்டின் கீழ்த்துளைகள் இரண்டும் உள்ளே மூடியிருக்கும்; மேல்துளையில் நீளமான எர்த் பின் நுழைந்தால்தான் திறக்கும். நம் இரட்டைப் பின் சார்ஜரை நுழைக்க, மேல்துளையில் பேனாவைக் குத்தித் திறக்கும் வழக்கம் விடுதி அறைகளில் பரவலாக உண்டு. குழந்தைகளின் விரலைக் காப்பதற்காக வைத்த மூடி அது. சில நூறு ரூபாய் அடாப்டருக்காக அந்தப் பாதுகாப்பை உடைக்கக் கூடாது.

லேப்டாப்பின் மூன்று பின் ஒயருக்கு இன்னொரு சிக்கல். எல்லா ஊருக்கும் ஆகும் என்று விற்கும் அடாப்டர்கள் பலவற்றில் நம் தடித்த எர்த் பின் நுழையாது. ஆனால் சார்ஜர் கட்டியிலிருந்து சுவருக்குப் போகும் ஒயர் தனியாகக் கழன்று வரும். போகிற நாட்டில் அந்த ஒயரை மட்டும் வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது.

ரயில் பயணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 2013 டிசம்பரில் பெங்களூரு–நாந்தேடு எக்ஸ்பிரஸின் ஏசி பெட்டியில் தீப்பிடித்து 26 பேர் இறந்தார்கள். அதையடுத்து இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் பாயின்ட்டுகளை அணைத்து வைக்கும் யோசனை வந்தது. 2021-இல் அதைக் கறாராகச் செயல்படுத்தத் தொடங்கினார்கள். எழும்பூரில் இரவு ஏறி விடியலில் மதுரையில் இறங்குகிறவர், தூங்கும்போது போன் ஏறிவிடும் என்று நம்பக் கூடாது. வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். பெட்டியில் வருவது 110 வோல்ட். போன், லேப்டாப் சார்ஜர்கள் அதில் ஓடும். கெட்டில் செருகுவதற்கு அனுமதி இல்லை.

எண்ணிக்கை இப்படிக் குறைந்த பிறகு அடுக்குவது சுலபம். ஜிப் வைத்த, உள்ளே தெரியும் பை ஒன்று போதும். நம் விமான நிலையங்களில் சோதனையின்போது லேப்டாப், பவர் பேங்க், சார்ஜர் எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். ஒரே பையில் இருந்தால் ஒரே கையால் எடுத்துத் திரும்ப வைக்கலாம். தட்டில் எதையும் மறந்துவிட்டு வருகிற ஆபத்தும் குறையும்.

கேபிளைச் சுருட்டும் முறையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சார்ஜர் கட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டும்போது கேபிள் வளைவது எப்போதும் ஒரே இடத்தில், பிளக்கை ஒட்டிய கழுத்தில். உள்ளே தலைமுடி கனத்தில் இருக்கும் செப்புக் கம்பிகள் அங்கே ஒவ்வொன்றாக அறுகின்றன. பிறகு அசைத்து அசைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். அதற்குப் பதில், கழுத்துப் பகுதியை இரண்டு விரற்கடை நேராக விட்டு, உள்ளங்கை அகலத்துக்குத் தளர்வான வளையமாகச் சுற்ற வேண்டும். ஒரு வளையத்தை வழக்கம்போலவும், அடுத்ததை மணிக்கட்டைத் திருப்பி உட்புறமாகவும் மாற்றி மாற்றிப் போட்டால் கேபிள் முறுக்கிக்கொள்ளாது. ஒரு நுனியைப் பிடித்து உதறினால் சிக்கில்லாமல் நீளும். மேடைகளில் மைக் ஒயர் கட்டுகிறவர்கள் இப்படித்தான் சுற்றுவார்கள். ரப்பர் பேண்டை விடத் துணிப்பட்டை நல்லது. ரப்பர் வெயிலில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

பிள்ளைகளைப் பார்க்க முதல் முறை அமெரிக்கா போகும் பெற்றோருக்குத் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர்களுக்காகப் பெட்டி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வேறு யாரோதான். காது கேட்கும் கருவியின் பேட்டரி, தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் இயந்திரம், ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவி மூன்றும் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டி ஒரு நாள் தாமதமானால் இவை இல்லாமல் அந்த இரவு கழியாது. துபாய் வழியாகப் போனால் இடையில் காத்திருக்கும் நேரத்துக்குப் பட்டைப் பின் அடாப்டர் வேண்டும், போய்ச் சேர்ந்த பிறகு அமெரிக்கத் தட்டைப் பின் அடாப்டர் வேண்டும். முதலாவதைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டால் விமான நிலையத்தில் போன் அணைந்துபோகும். ஒவ்வொரு சார்ஜரிலும் 'அம்மா போன்', 'அப்பா மெஷின்' என்று தமிழில் எழுதி ஒட்டலாம். மகனின் போன் எண், வீட்டு முகவரி, அடுத்த விமானத்தின் எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் உறைக்குள் ஒன்றும் அப்பாவின் சட்டைப் பையில் இன்னொன்றுமாக வைத்துவிடலாம்.