கண் முந்திச் சொல்லும் சேதி

வீட்டில் அம்மம்மாவோ மூத்தம்மாவோ வாசலில் வந்து நிற்கும் ஆளை மட்டுக்கட்டக் கொஞ்சம் சுணங்கினால், அது கண்ணின் கோளாறா, மறதியின் தொடக்கமா?

இரண்டுக்கும் நாம் நினைப்பதைவிட நெருக்கம் அதிகம். தாயின் வயிற்றில் நாம் உருவாகும்போது, கண்ணின் விழித்திரை மூளையிலிருந்தே கிளைத்து வளர்கிறது.

இங்கிலாந்தின் நோர்ஃபோக் பகுதியில் நல்ல சுகத்தோடு இருந்த ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு சின்னச் சோதனை வைத்தார்கள். திரையில் புள்ளிகள் அசைந்துகொண்டிருக்கும். நடுவில் ஒரு முக்கோணம் தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பிற்காலத்தில் மறதி நோய் வந்தவர்கள், அந்த முக்கோணத்தைக் காண மற்றவர்களைவிடப் பொதுவாகச் சுணங்கியிருந்தார்கள். அதுவும் நோய் தெரியவருவதற்குச் சராசரியாக 12 வருடங்களுக்கு முன்பே! 2024இல் வெளிவந்த ஆய்வு இது.

பயந்துவிடாதீர்கள். பார்வை மங்கினாலே மறதி நோய் என்றில்லை. வயதானவர்களுக்குப் பல வேளை அது வெண்புரைதான், சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம். ஆனால் பார்வைக் குறைவைக் கவனிக்காமல் விட்டால் மறதி நோய்க்கான ஆபத்து கூடும் என்கிறார்கள் வைத்தியர்கள். தம்பிலுவில், திருக்கோவில் பக்கமிருந்து சீனி வருத்தக் கிளினிக்குக்குப் பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்களே, அடுத்த முறை கண்ணையும் ஒருக்கா காட்டிவிட்டு வாருங்கள்.